வலப்பக்க வெயில்

கேண்டீன் தோசையைத் திருப்பிப் பார்க்காமல் அக்கா சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. தட்டு வந்ததும் ஒரு ஓரத்தை இரண்டு விரலால் தூக்குவார், அடியை எட்டிப் பார்ப்பார், முழுசாகப் புரட்டிப் போடுவார். அதற்குப் பிறகுதான் சட்னிப் பக்கம் கை போகும். முதல் வாரமே பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, அடியில எதுனா ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கானா?"

"மேல நல்லா செவந்துகினு இருக்குது சீனியர். கீழ வெந்துதா இல்லையான்னு அது சொல்லாதே."

என்னைவிட ஒன்பது வயது பெரியவர் என்னைச் சீனியர் என்று கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. சித்தூரில் ஒரு டிகிரி காலேஜில் பல வருடம் பிசிக்ஸ் நடத்திவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஆராய்ச்சி செய்ய வந்தவர் அவர். நான் அவருக்கு இரண்டு வருடம் முன்பே திருப்பதியில் அந்த லேபில் சேர்ந்திருந்தேன். லேப் கணக்கில் யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்தான் மூத்தவர். என்னைக் கிண்டல் செய்யத்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். பிறகு அதுவே என் பெயராகிவிட்டது. நான் புத்தூர்க்காரன், எங்கள் பக்கத்துப் பழக்கத்தில் அவரை அக்கா என்றேன். வயதில் தம்பி, வேலையில் சீனியர் என்று இரண்டு பக்கமும் உதை வாங்கினேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "என் பேரு இருக்கிற எடத்துல எல்லாம் உங்க பேரப் போட்டுப் படிங்க. அப்பவும் நல்லா இருந்துச்சின்னா அச்சுக்குக் குடுங்க" என்பார்.

எங்கள் லேப் தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் இருந்தால் லாரி போகும்போதெல்லாம் மேசை ஆடும். நாங்கள் பிடித்து வைத்திருந்ததோ ஆட்டம் தாங்காத சரக்கு. தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான் இருக்கும் தங்கத் துகள்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் அவை மிதக்கும். அதன் மேல் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சி, ஒரு துகளை மட்டும் பிடித்து, சுற்ற வைக்க வேண்டும். கையால் தொடக் கூடாது, தொடவும் முடியாது. வெளிச்சம்தான் கை.

சாதாரண வெளிச்சம் இதைச் செய்யாது. முறுக்கிய வெளிச்சம் வேண்டும். அதற்கென்று ஒரு திரை இருந்தது, செல்போன் திரையின் பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாங்கிளையில் கவை விடுமே, அது மாதிரி நடுவில் கவை விட்ட கோடுகளை அந்தத் திரையில் கம்ப்யூட்டர் வரையும். லேசர் அதில் பட்டுத் திரும்பும்போது திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். தண்ணீரில் வந்து விழும்போது நடுவில் இருட்டும் சுற்றிலும் வெளிச்சமுமாக, மெதுவடை போலத் தெரியும். அந்த வடையின் மேல் தங்கத் துகள் ஒரு மஞ்சள் புள்ளியாகச் சுற்றும். கேமரா அதைப் படம் பிடிக்கும்.

இரண்டாம் வருடம் ஒரு பிற்பகலில் என்னுடைய புள்ளி முதல் தடவையாகச் சுற்றியது. கடிகார முள் போகிற பக்கமாக, வலஞ்சுழியாக, நிற்காமல் சுற்றியது. லேப் முழுவதும் மைசூர்பாக்கு கொடுத்தேன். புத்தூருக்குப் போன் போட்டு, "நைனா, தங்கத்த சுத்த வெச்சிட்டேன்" என்றேன். "எத்தினி பவுனுடா?" என்றார் அப்பா. அவர் மேல் தப்பில்லை.

அக்கா சேர்ந்த புதிதில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா சீனியர்?"

"எதை?"

"முறுக்கை. கவையத் தலகீழாக்கினா வெளிச்சம் அந்தாண்ட பக்கம் முறுக்கும் இல்ல? அப்ப இதுவும் அந்தாண்ட பக்கம் சுத்தணும் இல்ல?"

"சுத்தும்கா."

"சுத்துச்சா, சுத்துமா?"

நான் படத்தை நிறுத்தினேன். அவர் விடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. தங்கம் வெளிச்சத்துல சூடாவுது. அதச் சுத்தி இருக்கிற தண்ணியும் சூடாவுது. உலையில போட்ட அரிசி கூடத்தான் சுத்துது. அதுக்கு வெளிச்சத்த எதுக்கு முறுக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு வருட உழைப்பை ஒரு பிடி அரிசியாக்கிவிட்டாரே என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. எங்கள் கைடும் சொல்லித்தான் இருந்தார், தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் அதையும் பார்த்துவிடு என்று. அடுத்த வாரம் சார் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கவையை மாற்றினால் வரிசைப்படுத்தி வைத்த கண்ணாடியெல்லாம் கலைந்துவிடும், மறுபடி சரி செய்ய நாளாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பயம் என்ற சொல்லை மட்டும் பக்கத்தில் சேர்க்கவில்லை. சூடான தண்ணீருக்குக் கவை நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று தெரியாது. தலைகீழாக்கின பிறகும் புள்ளி அதே பக்கம் சுற்றினால், என் தீசிஸில் வெந்நீர் மட்டும்தான் மிச்சம்.

அக்காவுக்கு இந்தத் திருப்பிப் பார்க்கிற புத்தி லேபோடு நிற்கிறதில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குச் சித்தூரில் அவர்களுடைய பழைய மிஷன் கோயிலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் இடது பக்க ஸ்பீக்கர் வண்டு புகுந்த மாதிரி இரைந்தது. மைக் பார்க்கிற அண்ணன், "அது செத்துப்போச்சி, வேற வாங்கணும்" என்று அதைத் தூக்கிக் கீழே வைக்கவே போய்விட்டார். பாடகர் குழுவில் நின்றிருந்த அக்கா, பட்டுப்புடவையோடு இறங்கி வந்து, பின்னால் குனிந்து, இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் செருகினார். இரைச்சல் வலது பக்கம் போய்விட்டது.

"பாத்தீங்களாண்ணா? அது மேல பழி போட்டீங்களே. ஒயர்தான்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி, விட்ட இடத்திலிருந்து பாடினார்.

அவருடைய கல்யாணக் கதையும் இதேதான். அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவியா என்று கேட்டார்களாம். இவர் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க போவீங்களா?" என்று கேட்பாராம். இரண்டு குடும்பம் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது. மூன்றாவதாக வந்தவர் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பேருல ஒருத்தர் வீட்டுல இருக்கணும்னா நான் இருக்கேன், எனக்கு நல்லா சமைக்க வரும்" என்றாராம். அவர்தான் வீட்டுக்காரர். அக்காவின் டிபன் பாக்ஸில் இரண்டு பேருக்கு இருக்கும். அந்த இரண்டாவது ஆள் பல நாள் நான்தான் என்பதால் அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அக்கா தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். எந்தப் பஸ்ஸிலும் இடது பக்கம்தான் உட்காருவார். போகும்போதும் இடது, வரும்போதும் இடது. அது அவருடைய இன்னொரு கிறுக்கு என்று நான் எண்ணியிருந்தேன்.

இனி அந்த வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசி, திருப்பதி வெயில் தார் ரோட்டில் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தீசிஸ் கொடுப்பதற்கு முன் எல்லோர் முன்னாலும் பேசிக் காட்டுகிற கூட்டம் எனக்குத் திங்கட்கிழமை. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். அவர் வாயைத் திறந்தால் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காலையில் நான் லேபுக்குப் போனபோது அக்கா மேசையை மூடியிருக்கும் கறுப்புப் பெட்டிக்குள் தலையை விட்டு ஏதோ பொருத்திக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள், ஒரு கையெழுத்துக்காக. பெட்டியை மூடிவிட்டுப் போனார். நம் ஆபீஸ் கையெழுத்து என்றால் அரைநாள்.

லேபில் யாரும் இல்லை. என்ன தோன்றியதோ, அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து அக்கா சொன்னதைச் செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் சுற்றினால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் கவையைத் தலைகீழாக்கினேன். வெளிச்ச வடை ஒரு நூல் தள்ளி விழுந்தது. கவையை மாற்றியதால் இருக்கும் என்று அதைச் சரி செய்துகொண்டேன். ஒரு துகள் வந்து மாட்டியது. சுற்ற ஆரம்பித்தது.

வலஞ்சுழியாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வேறு துகளைப் பிடித்தேன், வேறு சொட்டு வைத்தேன். கடிகார முள் மாதிரி, பழைய படங்களில் இருந்த அதே பக்கம், சுற்றிக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்கு அக்கா கையெழுத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தே நின்றுவிட்டார்.

"திருப்பிட்டேன்கா" என்றேன். "திரும்பல."

அவர் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். மறுபடி மூடினார். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிற அக்கா அன்றைக்கு என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம், "ஹாஸ்டல்ல தனியா குந்திக்கினு இருக்காதீங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம். அவரு மீன் வாங்கியாந்து இருக்காரு" என்றார்.

எனக்கு எங்கே போனாலும் ஒன்றுதான். அவர் பின்னாலேயே போய்ச் சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். காலி பஸ். டிரைவர் பக்கம், வலது ஜன்னலோரம் பொத்தென்று உட்கார்ந்தேன். அக்கா எதிர்ப்பக்கம் இடது சீட்டில் உட்கார்ந்தார். பஸ் ஊரைத் தாண்டியதும் வெயில் என் மூஞ்சியில் அறைந்தது.

"இந்தாண்ட வாங்க சீனியர், அங்க காயும்" என்றார்.

"காலையில வரும்போது எந்தப் பக்கம்கா வெயிலு?"

"அதே டிரைவர் பக்கம்தான்."

"அது எப்படி? காலையில டிரைவர் பக்கம்னா, திரும்பிப் போவும்போது உங்க பக்கம் இல்ல அடிக்கணும்?"

துக்கத்திலும் எனக்கு வாதம் மட்டும் குறையவில்லை. அக்கா சிரித்தார்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நானும் நெனைச்சி மொத வாரம் பூரா காஞ்சேன். காலையில சூரியன் கெழக்க இருக்குது, பஸ்ஸு திருப்பதிக்குப் போவுது. சாயங்காலம் பஸ்ஸு சித்தூருக்குத் திரும்புது. ஆனா சூரியனும் மேற்கால போயிடுது இல்ல? பஸ்ஸும் திரும்புது, சூரியனும் திரும்புது. ரெண்டும் திரும்பினா, ஒண்ணுமே திரும்பாத மாதிரிதான்..."

அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. சந்திரகிரியைத் தாண்டிப் பஸ் போய்க்கொண்டிருந்தது.

"சீனியர். நீங்க இன்னிக்கு எதைத் திருப்பினீங்க?"

"கவையை. கம்ப்யூட்டர்ல."

"பட்டகத்த இல்லையா?"

"எந்தப் பட்டகம்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். காலையில் அவர் பெட்டிக்குள் பொருத்தியது ஒரு கண்ணாடிப் பட்டகம். மடக்கவும் நிமிர்த்தவும் தோதான ஒரு தாங்கியில் வைத்திருந்தார். நிமிர்த்தி வைத்தால் வெளிச்சம் அதற்குள் புகுந்து வெளியே வரும்போது முறுக்கு மறுபக்கமாக மாறிவிடும். கம்ப்யூட்டரை அவர் நம்பமாட்டார், கண்ணாடியால் திருப்ப நினைத்திருந்தார். நிமிர்த்தி வைத்த நேரத்தில்தான் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். நான் திருப்பிட்டேன் என்று சொன்னதும், பெட்டியில் பட்டகம் நிமிர்ந்து இருப்பதைப் பார்த்து, அதைத்தான் சொல்கிறேன் என்று எண்ணிவிட்டார்.

அவர் ஒரு தடவை திருப்பி வைத்திருந்தார். அது தெரியாமல் நான் இன்னொரு தடவை திருப்பியிருந்தேன்.

"எறங்குங்க!" என்று எழுந்தார் அக்கா.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினோம். சித்தூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இங்கே இறங்குகிறோமே என்று கண்டக்டர் தெலுங்கில் அலுத்துக்கொண்டார். "ஒக்க பனி மர்ச்சிப்போயாமண்ணா" என்றார் அக்கா. ஒரு வேலையை மறந்துவிட்டோம் அண்ணா என்று அவ்வளவு பணிவாக அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. திருப்பதி போகிற ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஏழு பேர். அதில் நாங்கள் இரண்டு பேரும் தொற்றிக்கொண்டு வந்தோம். அந்த அரை மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அவரும் அவர் பங்குக்கு ஜெபம் செய்திருப்பார்.

லேபில் லேசரைப் போட்டோம். கம்ப்யூட்டரில் கவை நான் விட்டுப் போன மாதிரியே தலைகீழாக இருந்தது. அக்கா பெட்டிக்குள் கையை விட்டுப் பட்டகத்தை மடக்கினார். துகள் ஒன்று நீந்தி வந்தது, மாட்டியது, ஒரு கணம் தடுமாறியது.

இடஞ்சுழியாகச் சுற்றியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைக் காக்கிற லேசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழக் கூடாது. துடைக்கவும் முடியாது, உள்ளேயே புகை மூட்டம் போட்டுவிடும். "சுத்துதாக்கா, சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"சுத்துது சீனியர். அந்தாண்ட பக்கம் சுத்துது."

அப்போதும் விடவில்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார். கவை நேராக, பட்டகம் மடங்கி. கவை நேராக, பட்டகம் நிமிர்ந்து. கவை தலைகீழ், பட்டகம் மடங்கி. கவை தலைகீழ், பட்டகம் நிமிர்ந்து. நான்கையும் பார்த்துத்தான் தீருவேன் என்றார். ஒரு தடவை திருப்பிய கட்டங்களில் புள்ளி இடமாகச் சுற்றியது. திருப்பாததிலும் இரண்டு தடவை திருப்பியதிலும் வலமாகச் சுற்றியது. ஒரு கட்டம் கூடத் தப்பவில்லை. மத்தியானம் என்னைக் கொன்ற அதே படம்தான் இப்போது நான்காவது சாட்சி.

"உலையில அரிசி இல்ல சீனியர். வெளிச்சம்தான்" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் சொல்லாததை. "நீங்க கேட்ட நாள்லயே செஞ்சிருக்கலாம்கா. பயந்துக்கினு இருந்தேன்."

"தெரியும்" என்றார். பட்டகத்தைக் கழற்றித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் மேல் பட்டகம் வந்து சேர்ந்த மாதத்தின் முத்திரை இருந்தது. பிப்ரவரி.

"இது வந்து ரெண்டு மாசம் ஆச்சா?" என்றேன்.

அட்டைப் பெட்டியை மூடி டிராயரில் வைத்தார்.

"வந்த அன்னிக்கே மாட்டி இருக்கலாம். மனசு வரல. திரும்பலைன்னா உங்க மூணு வருஷம் போயிடுமேன்னு டிராயர்லயே வெச்சிக்கினு இருந்தேன். திங்கக்கெழம யாரோ வெளியாளு கேட்டு நீங்க முழிக்கறதுக்கு, நம்ம லேப்லயே தெரிஞ்சி போவட்டும்னு இன்னிக்குத்தான் எடுத்தேன்."

தோசையைக் கூடத் திருப்பிப் பார்க்காமல் விடாதவர், எனக்காக இரண்டு மாதம் ஒன்றைத் திருப்பாமல் வைத்திருந்தார். அன்றைக்கு அந்தச் சுற்றுகிற தங்கத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமை வெளியூர்ப் பேராசிரியர் முதல் கேள்வியாக அதையேதான் கேட்டார். நான்கு கட்டத் தாளைத் திரையில் போட்டேன். பின்வரிசையில் அக்கா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு அந்தத் திங்களைவிட வியாழக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரை ஏற்றிவிடப் போனேன். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது. மீன் குழம்பை ஆற விடாமல் வைத்திருப்பதாக வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார் அக்கா. மறுநாளைக்கு எனக்கு எடுத்து வரச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்றேன். அவர் ஏறினார். வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்குத் திக்கென்றது.

"அக்கா, அது டிரைவர் பக்கம்!"

ஜன்னல் வழியே தலையை நீட்டினார். வேர்த்து, களைத்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"சூரியன் போயிட்டுது சீனியர். இனிமே எந்தப் பக்கம் குந்தினா இன்னா?"